நோர்வேயின் வடகோடியில் ஒரு பனிக்காலம்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"வெளிநாட்டில் நீங்கள் ஆற்றும் சமூகப் பணி பற்றி இருபது நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். வாசித்ததும் சிரிப்பு வந்தது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நம் கிளைகள் செய்வதுபோல நான் ஒன்றும் செய்ததில்லை. நான் இருக்கும் ஊரில் நம் கல்லூரியின் பழைய மாணவி என்று சொல்ல நான் ஒருத்திதான். அங்கே கிளை தொடங்கினால் தலைவியும் நான், தனாதிகாரியும் நான், கூட்டத்துக்கு வராத உறுப்பினரும் நான். ஆகவே என் பணியை விட்டுவிட்டு, முப்பது வருடத்துக்கு மேலாக என்னைத் தாங்கிய ஒரு சின்ன ஊரைப் பற்றியும், அங்குள்ள லூதரன் தேவாலயத்தைச் சுற்றிப் பனிக்காலத்தில் பெண்கள் நடத்தும் காரியங்களைப் பற்றியும் சொல்லலாம் என்று எண்ணினேன். நான் சைவப் பிள்ளை என்பது இங்கே பலருக்குத் தெரியும். காலைக் கூட்டத்தில் ஞானப்பாட்டுக்கு வாயை மட்டும் அசைத்தவர்களில் நானும் ஒருத்தி என்பது ரீச்சர்மாருக்கு இன்றுவரை தெரிந்திராது.

நோர்வேயின் வடகிழக்கு முனையில் ஃபின்மார்க் என்று ஒரு மாகாணம். பாரென்ட்ஸ் கடலைப் பார்த்தபடி வரிசையாக மீன்பிடிக் கிராமங்கள். மரம் கிடையாது. மலை, கடல், காற்று. எங்கள் ஆட்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதை உங்களிற் சிலருக்குத் தெரியும். 1967 இல் காரைநகரில் தொடங்கிய சீநோர் திட்டத்தால் நோர்வே என்ற பெயர் யாழ்ப்பாணத்துக்குப் பழக்கமானது. பின்னர் நம் இளைஞர்கள் அங்குள்ள மக்கள் உயர்பள்ளிகளில் படிக்கவென்று போனார்கள். நாட்டுப் பிரச்சினை முற்றியதும் இன்னும் பலர் போனார்கள். வடக்கின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் ஆள் தேவைப்பட்டது, எங்களுக்கு வேலை தேவைப்பட்டது. என் கணவரும் அப்படிப் போனவர்தான். நான் 1989 கார்த்திகை கடைசியில் போய் இறங்கினேன்.

அதைவிட மோசமான நாளை நான் தெரிந்தெடுத்திருக்க முடியாது. அங்கே கார்த்திகை பிற்பகுதியில் மறையும் சூரியன் தை நடுப்பகுதி கழிந்துதான் திரும்பும். முழு இருட்டு என்று நினையாதீர்கள். நடுப்பகலில் இரண்டு மூன்று மணித்தியாலம் நீல நிறமாக ஒரு வெளிச்சம் பரவும், பின் அடங்கிவிடும். எங்கள் ஊரில் மார்கழித் திருவெம்பாவைக்கு விடியற்காலை நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் கேட்கும். போர்வைக்குள் கிடந்து கேட்டாலும், இன்னும் கொஞ்ச நேரத்தில் விடியும் என்று மனதுக்குத் தெரியும். இங்கே என்ன சங்கு ஊதினாலும் விடியாதே என்று முதல் கிழமை முழுக்க அழுதேன். கணவருக்குத் தொழிற்சாலையில் இரண்டு முறை வேலை. யன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன்.

ஒருநாள் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒரு கடதாசி நட்சத்திரத்தை நீட்டிக்கொண்டு நின்றார். உள்ளே மின்குமிழ் பொருத்திய பெரிய நட்சத்திரம். எனக்கு மொழி தெரியாது; அவர் தெருவைக் காட்டினார். அப்போதுதான் பார்த்தேன், எல்லா வீட்டு யன்னலிலும் நட்சத்திரமோ மெழுகுதிரி விளக்கோ இருந்தது. எங்கள் யன்னல் மட்டும் வரிசையில் ஒரு பல்லு விழுந்ததுபோல் இருட்டாக இருந்தது. நத்தாருக்கு முந்திய நாலு ஞாயிறுகளையும் அவர்கள் திருவருகைக் காலம் என்று கொண்டாடுகிறார்கள். ஊதா நிறத்தில் நாலு மெழுகுதிரி. முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். வெளியே இருட்டு ஏற ஏற மேசையில் வெளிச்சம் கூடும். இதை யார் யோசித்தார்களோ தெரியாது, ஆனால் பனிக்காலத்தை அறிந்தவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

அதே பெண்மணிதான் என்னைத் தேவாலய மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். வழிபாட்டுக்கு அல்ல, பசாருக்கு. மாதர் வட்டத்தினர் ஆண்டு முழுக்கப் பின்னிய கம்பளிக் காலுறை, கையுறை, மேசை விரிப்பு, சுட்ட கேக், பழக்கூடை எல்லாவற்றையும் அடுக்கி வைத்து அதிர்ஷ்டச் சீட்டு நடத்துவார்கள். பசாருக்குப் பல கிழமைக்கு முன்பே சின்னப் புத்தகங்கள் ஊருக்குள் சுற்றத் தொடங்கிவிடும். ஒரு புத்தகம் ஒரு பொருளுக்கு. சில குரோனர் கொடுத்தால் ஒரு வரியில் உங்கள் பெயர். தபாற்கந்தோரில் நின்றாலும் கடையில் நின்றாலும் புத்தகம் உங்கள் மூக்குக்கு முன்னால் வரும். அன்று மாலை எண்கள் எழுதிய மரச்சட்டங்களையும் விற்பார்கள். எண் கூப்பிடப்படும்போது மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். பரிசு ஒரு பைக்கற் கோப்பித்தூள்!

எனக்கு உடனே நம் ஊர்த் தேவாலயங்களின் அறுவடைப் பண்டிகை ஞாபகம் வந்தது. ஒரு வாழைக்குலையைப் பத்து மடங்கு விலைக்கு ஏலத்தில் எடுத்து, மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார்களே, அதே விளையாட்டுத்தான். நான் அன்று ஒரு சோடிக் காலுறை வென்றேன். என் காலுக்கு இரண்டு மடங்கு பெரிது.

ஞாயிறு வழிபாடு முடிந்தால் கோப்பி. அந்தக் கோப்பி இல்லாவிட்டால் அங்கே சபை என்று ஒன்று இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். இதய வடிவில் சுட்ட வொஃபிள், அதன்மேல் பழுப்பு நிறச் சீஸ் அல்லது பழப்பாகு. வரிசைப்படி இந்தக் கிழமை இன்னார் வீடு சுட வேண்டும் என்று குசினிக் கதவில் ஒரு பட்டியல் தொங்கும். தேவாலயத்துக்குள் அந்த மக்கள் தள்ளித் தள்ளி உட்காருவார்கள், முன் வாங்குகள் எப்போதும் காலி. கோப்பி மேசையில்தான் நெருங்கி இருப்பார்கள். யாருக்கு முழங்கால் நோ, யார் வள்ளம் கரைக்கு வரவில்லை, யார் வீட்டுப் புகைபோக்கியில் இரண்டு நாளாகப் புகை இல்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். புகை இல்லாத வீட்டுக்கு அன்று பின்னேரமே ஒருவர் போய்க் கதவைத் தட்டுவார். முற்றத்துப் பனியையும் வழித்துவிட்டு வருவார். அங்கே இதற்கு டுக்னாட் என்று ஒரு சொல் உண்டு. நாங்கள் சிரமதானம் என்போம். ஆனால் அங்கே விளம்பரப் பலகையும் இல்லை, அமைச்சரும் வருவதில்லை.

ஒரு போதகருக்கு நாலு தேவாலயம். புயல் வந்தால் மலைப்பாதையை மூடிவிடுவார்கள். அல்லது குறித்த நேரத்தில் பனி வழிக்கும் வண்டியின் பின்னால் கார்களை வரிசையாக விடுவார்கள். போதகர் அந்த வரிசையில் அகப்பட்டு நின்றால், யாராவது ஒருவர் வேதபாடத்தை வாசிப்பார், பாடுவார்கள், பிறகு கோப்பி. 2017 வரை அங்கே போதகர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? அரசாங்கம் சம்பளம் கொடுத்தது. ஆனால் விளக்கேற்றியதும், தரை கழுவியதும், பாத்திரம் மினுக்கியதும் பெண்கள்தான்.

அந்தப் பெண்களின் வரலாறு பெண்கள் கல்லூரியில் சொல்லத் தகுந்தது. 1842 இல் ஸ்தவாங்கர் நகரில் நோர்வே மிஷனரிச் சங்கம் உருவானது. அதே பத்தாண்டில் லிங்டால் என்ற தென்பகுதிக் கிராமத்தில் போதகரின் மனைவி குஸ்தாவா கீலண்ட், ஊர்ப் பெண்களைத் தன் வீட்டில் கூட்டி, பின்னிக்கொண்டே மிஷனுக்குப் பணம் சேர்க்கும் வட்டத்தைத் தொடங்கினார். பின்பு அப்படி ஆயிரக்கணக்கான வட்டங்கள் நாடெங்கும் தோன்றின. பனிக்கால இரவு நீளமானது, கை சும்மா இருக்கக்கூடாது. அந்தக் காலுறைகள்தான் மடகஸ்காரில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் ஆயின. பணம் சேர்த்தவர்கள் பெண்கள், தீர்மானம் எடுத்தவர்கள் ஆண்கள் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. 1904 இல் அந்தச் சங்கம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. நாடு முழுவதற்கும் அந்த உரிமை 1913 இல்தான் வந்தது. பின்னல் ஊசியைப் பிடித்துக்கொண்டே கூட்டம் நடத்தவும், அறிக்கை எழுதவும், கணக்கு ஒப்புவிக்கவும் அவர்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள்.

போதகராவதற்கு இன்னும் வெகுகாலம் பிடித்தது. 1961 இல் இங்ரிட் பியர்கோஸ் என்ற அம்மையார், வயது அறுபதை நெருங்கும்போது, நோர்வேயின் முதற் பெண் போதகராக ஹாமார் பக்கத்தில் அபிஷேகம் பெற்றார். பேராயர்களிற் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். அவருக்குக் கிடைத்த இடம் வடக்கே சென்யா தீவு. பனியும் புயலும் உள்ள மீன்பிடி ஊர்கள். எங்கள் வட்டத்து மூதாட்டிகள் அந்தப் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவதை நான் கண்டிருக்கிறேன். 1993 இல் ரோஸ்மாரி கோன் முதற் பெண் பேராயரானார்.

இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன், சரித்திர ரீச்சர் இருந்தால் சந்தோஷப்படுவார். தரங்கம்பாடிக்கு 1706 இல் சீகன்பால்கு ஐயரை அனுப்பிய டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக், நோர்வேக்கும் அரசர். 1714 இல் அவர் கொப்பன்ஹேகனில் ஒரு மிஷன் சபையை அமைத்தார். தரங்கம்பாடித் தமிழர்களுக்கான மிஷனையும், ஃபின்மார்க்கின் சாமி மக்களுக்கான மிஷனையும் அந்த ஒரே அலுவலகம்தான் கவனித்தது. தமிழரின் கோவையும் பனிநாட்டின் கோவையும் ஒரே அலுமாரியில் இருந்திருக்கும். இதை ஒரு கோப்பி மேசையில் சொன்னேன். "அப்படியென்றால் நீ இங்கே வரவேண்டியவள்தான், கொஞ்சம் பிந்திவிட்டாய்" என்றார் ஒருவர்.

இனி 1995 இற்கு வருகிறேன்.

அந்த ஐப்பசி 30 ஆந் திகதி இரவு வலிகாமம் வெளிக்கிட்டதை நான் உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இந்த மண்டபத்தில் பாதிப்பேர் அந்த வீதியில் மழையில் நடந்தவர்கள். நான் நடக்கவில்லை. நான் வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்தேன். அம்மா தனியே இருந்தவ. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. பிபிசி தமிழோசையில் இலட்சக்கணக்கானோர் என்று சொன்னார்கள். அதற்குள் என் அம்மா எங்கே? கார்த்திகை வந்தது, சூரியனும் போய்விட்டது. நான் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

மாதர் வட்டம் புதன்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகக் கூடும். அந்தப் புதன் கூடவேண்டியது வேறொரு வீட்டில். அழைக்காமலே என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள், ஏழு பேர். கோப்பிச் சாடியும் கோப்பையும் வொஃபிளும் அவர்களே கொண்டு வந்தார்கள். என்ன நடந்தது, ஏது நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. உட்கார்ந்து பின்னத் தொடங்கினார்கள். எனக்கு முதலிற் கோபம்கூட வந்தது. இழவு வீடென்றால் எங்களில் வாய்விட்டு அழுவோம். இதுகள் என்ன, ஊசியும் நூலுமாக வாய் திறவாமல் இருக்குதுகள் என்று. சற்று நேரம் கழித்து வட்டத்தின் தலைவி என் கையில் இரண்டு ஊசியும் ஒரு நூலுருண்டையும் வைத்தார். தையல் ரீச்சர் எனக்குப் படிப்பித்த பின்னல் விரலில் இன்னும் இருந்தது. பின்னினேன்.

மற்றவர்கள் போனபின் தலைவி மட்டும் நின்றார். 1944 இல் தனக்கு எட்டு வயது என்று சொன்னார். பின்வாங்கிய ஜேர்மன் படை அந்த இலையுதிர் காலத்தில் ஃபின்மார்க்கின் பெரும்பகுதியை எரித்தது. வீடு, மாட்டுத் தொழுவம், படகுத்துறை, தேவாலயம் என்று எரித்துக்கொண்டே போனது. ஏறக்குறைய 50,000 பேரைத் தெற்கே அனுப்பினார்கள். பலர் போக மறுத்துக் குகைகளிலும் புல்வீடுகளிலும் ஒளித்திருந்தார்கள். அவர் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மீன்பிடி வள்ளத்தில் ஏறினார். தகப்பன் எங்கே என்று அடுத்த வசந்தகாலம் வரை தெரியாது. "சனங்கள் சொன்ன ஆறுதல் ஒன்றும் எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுதான் ஞாபகம்" என்றார். பிறகு கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

எரிந்த ஊர்களில் ஹொன்னிங்ஸ்வோக் என்று ஒன்று. அங்கே மிஞ்சி நின்ற ஒரே கட்டடம் தேவாலயம். 1945 இல் திரும்பி வந்தவர்கள் வீடு கட்டும்வரை அதற்குள்தான் தங்கினார்கள். நம்மவர்கள் தென்மராட்சியில் தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் கோவில் மடத்திலும் தங்கியிருந்த அதே மாதங்களில்தான் இந்தக் கதையை நான் முதன்முதல் கேட்டேன்.

அடுத்த ஞாயிறு போதகர் மன்றாட்டில் எங்கள் ஊரைச் சேர்த்துக்கொண்டார். அவர்கள் மொழியில் ஜே எழுத்து யகரம். ஆகவே அந்நியர் கெடுத்த பெயரை அவர்கள் "யாஃப்னா" என்று வாசித்தார்கள். அதைக் கேட்டபோதுதான் முதன்முறை அந்தத் தேவாலயத்துக்குள் நான் அழுதேன். எங்கள் பெயரின் முதலெழுத்தைத் திருப்பித் தந்துவிட்டார்களே! மாசி மாதம் கொழும்பு உறவினர் மூலம் தகவல் வந்தது: அம்மா சாவகச்சேரியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் இருக்கிறா. வட்டத்துக்குச் சொன்னேன். தலைவி தலையை ஆட்டினார். கணக்குப் புத்தகத்தை எடுத்து, அன்றைய கூட்ட அறிக்கையில் அதை ஒரு வரியாக எழுதிவைத்தார். அந்த வரி இன்றும் இருக்கிறது.

எல்லாமே சுமுகமாக நடந்தது என்று நினையாதீர்கள். என் மகளுக்குப் பதினாலு வயதானபோது வகுப்பில் எல்லோரும் திடப்படுத்தல் வகுப்புக்குப் போனார்கள். அந்த நாட்டில் அது பிள்ளைகளுக்குப் பெரிய விடயம். புது உடுப்பு, விருந்து, பரிசு. தானும் போகவேணும் என்று நின்றாள். தொலைபேசியில் அம்மா, "பிள்ளை, பேத்திக்கு எந்தச் சாமியைக் கும்பிடவேணும் எண்டு ஆர் சொல்லுறது?" என்று கேட்டா. கணவர் வேண்டாமென்றார். நான் போதகரிடம் போனேன். வகுப்புக்கு வரலாம், ஆனால் ஞானஸ்நானம் பெறாமல் திடப்படுத்த முடியாது, அவசரப்பட வேண்டாம் என்று நேராகச் சொன்னார். மகள் பனிக்காலம் முழுக்க வகுப்புக்குப் போனாள். தவக்காலத்தில் மற்றப் பிள்ளைகளோடு உண்டியல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் தண்ணீர்த் திட்டத்துக்குப் பணம் சேர்த்தாள். உயிர்த்த ஞாயிறுக் காலத்தில், பனியை வெட்டிச் செய்த பலிபீடத்தின் முன் பனிச்சறுக்குக் கட்டைகளோடு நின்று வழிபட்டுவிட்டு, தோடம்பழம் உரித்துத் தின்று திரும்பினாள். வைகாசியில் மற்றவர்கள் வெள்ளை அங்கியோடு முன்னே போனபோது அவள் என் பக்கத்தில் சேலையுடுத்து உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. அது சரியா பிழையா என்று இன்றும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு. அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், ஒஸ்லோவில் இருக்கிறாள்.

மார்கழி 24 பின்னேரம்தான் அந்த ஊரை நீங்கள் பார்க்கவேண்டும். ஐந்து மணிக்கு மணி அடித்து நத்தாரை அழைப்பார்கள். அதற்குமுன் எல்லோரும் சேமக்காலைக்குப் போய், பனியைக் கையால் விலக்கி, கல்லறைகளில் விளக்கேற்றுவார்கள். மனிதர் குறைந்த அந்த ஊரில் அன்றைக்கு உயிரோடு இருப்பவர்களைவிட விளக்குகள் அதிகம். தலைவியின் கல்லறையில் நான்தான் ஏற்றுகிறேன். அவர் பிள்ளைகள் தெற்கே போய்விட்டார்கள்.

தொழிற்சாலை மூடி வருடக்கணக்காகிவிட்டது. எங்கள் ஆட்களில் அநேகர் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் போனார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். வழிபாடு மாதத்துக்கு ஒன்று. மாதர் வட்டத்தில் ஐந்து பேர் மிச்சம். கலைத்துவிடலாம் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. கலைப்பதென்றால் பணத்தை என்ன செய்வது, கணக்குப் புத்தகங்களை எங்கே கொடுப்பது என்றுகூடப் பேசியாயிற்று. வாக்கெடுக்கும்போது மூவர் வேண்டாமென்றோம். அப்படியென்றால் தலைவி யார்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உங்கள் சபையில் உறுப்பினரே இல்லையே என்றேன். "குசினித் திறப்பு இருபது வருடமாக உன்னிடம்தானே இருக்கிறது" என்றார் ஒருவர். இப்போது நான் தலைவி. போதகர் ஆட்சேபிக்கவில்லை. அவரும் பெண்தான்.

கடந்த கார்த்திகைப் பசாரில் நான் ஒரு பிரேரணை கொண்டுவந்தேன். நூறு வருடம் மடகஸ்காருக்குப் பின்னியாயிற்று; இம்முறை ஒரு பங்கை யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் விடுதியின் நூலகத்துக்குக் கொடுத்தால் என்ன? நீண்ட விவாதம். அந்தப் பிள்ளைகளுக்குக் கம்பளிக் காலுறை தேவையில்லையா என்று கேட்டார்கள். இல்லை, அங்கே செருப்பே சூடு என்றேன். ஏகமனதாக நிறைவேறியது.

அந்தப் பணத்தைச் சற்றுமுன் அதிபர் அவர்களிடம் ஒப்படைத்தேன். பெரிய தொகை அல்ல. நான் நாளை மறுநாள் புறப்படவேண்டும். தை இருபதாந் திகதி வாக்கில் எங்கள் பக்கம் சூரியன் திரும்புகிறது. வார்டோவில் முழுவட்டமும் தெரிந்த நாளில் கோட்டையிலிருந்து பீரங்கி வெடிப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. எங்கள் ஊரில் பீரங்கி இல்லை, சூரியப் பணிஸ்தான். இம்முறை சுடுவது என் முறை. அதிபர் அவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். வாங்கும் புத்தகங்களின் பட்டியலோடு ரசீதையும் தயவுசெய்து அனுப்பிவையுங்கள். எங்கள் கணக்காளருக்கு 84 வயது. ரசீது வராமல் அவர் கணக்கை மூடமாட்டார்.